நல் என்ற பெயரில் ஒரு ஃபைல், எதைச் செய்தாலும் டெலிட் ஆக மாட்டேன் என்கிறது

கடைசிபெஞ்ச்

வணக்கம். எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் எங்கிருந்தோ ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்கிறது. பெயர் வெறும் நல். ஆங்கிலத்தில் என், யூ, எல் என்று மூன்றே எழுத்து, எக்ஸ்டென்ஷன் எதுவும் கிடையாது, சைஸ் 1 கேபி என்று காட்டுகிறது. நான் இப்படி ஒரு ஃபைலை உருவாக்கவே இல்லை, டீமில் இருக்கும் மற்றவர்களும் சத்தியமாக நாங்கள் இல்லை என்கிறார்கள்.

செலக்ட் பண்ணி டெலிட் கொடுத்தால் "இன்வேலிட் எம்எஸ்-டாஸ் ஃபங்ஷன்" என்று ஒரு பெட்டி வருகிறது. ட்ரை அகெய்ன் அழுத்தினால் அதே பெட்டி மறுபடியும். ஷிஃப்ட் டெலிட்டும் அப்படித்தான். பெயரை மாற்றிவிட்டு அழிக்கலாம் என்று பார்த்தால் பெயரையும் மாற்ற விடவில்லை, டபுள் கிளிக் பண்ணினால் திறக்கவும் இல்லை. ரீஸ்டார்ட் பண்ணியாயிற்று. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து டெல் நல் என்று கொடுத்தாலும் எரர்தான்.

கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் கோடைச் சேமித்துவைக்கும் கிட் (Git) கருவியில் எல்லாவற்றையும் ஆட் பண்ணும்போது சரியாக இந்த ஃபைலில் வந்து நின்றுவிடுகிறது, இண்டெக்ஸ் பண்ண முடியவில்லை என்று சொல்லி மற்ற ஃபைல்களையும் சேர்க்க மாட்டேன் என்கிறது. ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்குக் காப்பி பண்ணினாலும் இதே இடத்தில்தான் மாட்டுகிறது. அடுத்த வாரம் ரிவ்யூ. விண்டோஸ் 10. வைரஸ் ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போகப்போகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஊர்க்குருவி

சேஃப் மோடில் போய் டெலிட் பண்ணிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் ஃபோர்ஸ் டெலிட் பண்ண நிறைய சாஃப்ட்வேர் இலவசமாகவே இருக்கிறது, தேடினால் முதலிலேயே வரும். எதுவுமே சரிவரவில்லை என்றால் முக்கியமானதை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்த டிரைவை ஃபார்மட் அடித்துவிடுங்கள், ஒரே வேலையாகப் போகும்.


இரவுப்பறவை

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறதே ஊர்க்குருவி, 1 கேபி ஃபைலுக்கு டிரைவையே ஃபார்மட்டா!

தம்பி, அந்த இலவச ஃபோர்ஸ் டெலிட் சமாச்சாரம் எதையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம். அவற்றில் நல்லதும் உண்டு, ஆனால் தேடியவுடன் மேலே வந்து நிற்கும் பச்சை டவுன்லோட் பட்டன் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது, அதற்கு நீங்கள் அட்மின் அனுமதி வேறு கொடுக்கப்போகிறீர்கள். ரிவ்யூவுக்கு முந்தின வாரம் அந்த விஷப்பரீட்சை தேவையா?

விண்டோஸ் ஒரு ஃபைலை அழிக்க மறுத்தால் முதலில் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். பாதிப் பேர் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். ஃபைல் இன்னொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று வந்தால் யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். யார் என்று தெரிய டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய் அங்கிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு டேபில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற இடத்தில் ஃபைல் பெயரில் கொஞ்சம் தட்டினால் போதும், பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் போட்டிருந்தால் இன்னும் சுலபம், 2022 முதல் அதில் ஃபைல் லாக்ஸ்மித் என்று ஒன்று இருக்கிறது, ஃபைல் மேல் ரைட் கிளிக் பண்ணினாலே யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். பாதியில் நின்றுபோன வீடியோ ஃபைல்கள் விஷயத்தில் பல நேரம் எக்ஸ்புளோரரேதான் ஆள், சின்னப் படம் காட்டுவதற்காக ஃபைலைத் திறந்து உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். பிரிவியூ பேனை மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் பண்ணினால் விட்டுவிடும்.

அனுமதி இல்லை என்று வந்தால் அது வேறு கதை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணின பிறகு பழைய யூசர் ஃபோல்டர் இப்படி முரண்டு பிடிக்கும், அப்போது ஓனர்ஷிப்பை நம் பெயருக்கு மாற்றிக்கொண்டு அழிக்கலாம், தப்பில்லை. ஆனால் டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி வாங்கு என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது விண்டோஸின் சொந்த ஃபைல். கரப்ட் ஆகிவிட்டது, படிக்க முடியவில்லை என்று வந்தால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும், அப்போது டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கமாண்டை ஓட்ட வேண்டும்.

உங்களுக்கு வந்தது இதில் எதுவும் இல்லை. விண்டோஸுக்கு முந்தின எம்எஸ்-டாஸின் பெயரைச் சொல்லி 2020களில் ஒரு பெட்டி வருகிறது என்றால் பிரச்சினை அந்தப் பெயரில்தான். இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இங்கே இருக்கிறார், பழைய டாஸ் சார் வரட்டும்.


பழைய_டாஸ்

வந்துவிட்டேன். 90களில் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் வகுப்பு எடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

நல் என்பது விண்டோஸைப் பொறுத்தவரை ஃபைல் பெயர் இல்லை, ஒரு டிவைஸின் பெயர். அதற்குள் எதைக் கொட்டினாலும் காணாமல் போகும், வேண்டாத அவுட்புட்டைத் தள்ளிவிடுவதற்கென்றே இருப்பது. இதேபோல கான் என்பது கீபோர்டும் திரையும், பிஆர்என் பிரின்டர், ஆக்ஸ் சீரியல் போர்ட், அப்புறம் காம்1 முதல் காம்9 வரை, எல்பிடி1 முதல் எல்பிடி9 வரை. அந்தக் காலத்தில் டாஸ் படித்தவர்களுக்கு முதல் வாரமே காப்பி கான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காப்பி கான் போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுத்து, நான்கு வரி தட்டி, கன்ட்ரோல் இசட் அடித்து என்டர் தட்டினால் ஃபைல் ரெடி. அந்தக் கான்தான் இது. கீபோர்டிலிருந்து ஃபைலுக்குக் காப்பி பண்ணு என்று அர்த்தம்.

இந்தப் பெயர்கள் ஏன் எல்லா ஃபோல்டரிலும் வேலை செய்கின்றன என்றால், 1981இல் முதல் டாஸ் வந்தபோது அதில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே கிடையாது. ஃப்ளாப்பியில் எல்லா ஃபைலும் ஒரே பட்டியலாகக் கிடக்கும். 1983இல் டாஸ் 2.0 வந்தபோதுதான் டைரக்டரி வந்தது. அதற்குள் பிஆர்என், கான் என்று வெறும் பெயரை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் இருந்தன, அவை எந்த டைரக்டரியில் நின்று கூப்பிட்டாலும் ஓட வேண்டும். அதனால் இந்தப் பெயர்கள் எல்லா டைரக்டரியிலும் இருப்பதாகப் பாவித்துக்கொண்டார்கள். சில புரோகிராம்கள் நாம் கொடுக்கும் பெயருக்குப் பின்னால் தானாகவே எக்ஸ்டென்ஷன் ஒட்டிவிடும் என்பதால் கான்.டிஎக்ஸ்டி என்றாலும் கான்தான் என்று வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கான் என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, இதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்ட் டீமுக்கும் பில் கேட்ஸுக்குமே காரணம் தெரியவில்லை என்று ஒரு ஃபார்வர்ட் ஈமெயில் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ பேர் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். காரணம் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணங்களிலேயே பட்டியலோடு எழுதியிருக்கிறது. சொல்லப்போனால் விண்டோஸ் 95, 98இல் கானுக்குள் கான் என்று ஒரு பாதையைக் கொடுத்தால் ப்ளூ ஸ்கிரீனே வந்து நிற்கும், 2000இல் அதற்குப் பேட்ச் விட்டார்கள்.

சரி, உங்கள் கேஸுக்கு வருவோம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு நல் என்ற பெயரில் எந்த ஆட்சேபமும் இல்லை, அதற்கு அது வெறும் மூன்று எழுத்து. மேலே உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கும் விண்டோஸ் அடுக்குதான் நல் என்று கேட்டவுடன் டிஸ்க் பக்கமே போகாமல் டிவைஸ் பக்கம் திருப்பிவிடுகிறது. டிவைஸை எப்படி டெலிட் பண்ணுவது? அதனால்தான் அந்த எரர். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள். சேஃப் மோடில் போனாலும் இதே பாட்டுதான் பாடும், ஏனென்றால் அங்கேயும் விதி அதேதான்.

வழி: பாதைக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேருங்கள். பெயரைச் சரிபார்க்காதே, நான் கொடுத்தபடியே கீழே அனுப்பு என்று விண்டோஸிடம் சொல்வது இது. போனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் இப்படி:

டெல் "\\?\டி:\புராஜெக்ட்\நல்"

டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதையும் வேண்டும், மேற்கோள் குறியும் வேண்டும். பாதையைக் கையால் தட்டாதீர்கள், எக்ஸ்புளோரரில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் பண்ணினால் காப்பி ஆஸ் பாத் என்று வரும், அதை எடுத்து ஒட்டி முன்னால் இந்த நான்கு குறி, கடைசியில் ஒரு சாய்கோடும் நல்லும்.


கடைசிபெஞ்ச்

சார் விளக்கத்துக்கு ரொம்ப நன்றி, அந்தக் கான் ஃபார்வர்டை எங்கள் ஃபேமிலி குரூப்பிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னும் போகவில்லை. கிட்டோடு வரும் கிட் பாஷ் என்ற கமாண்ட் விண்டோவில் பாதை /டி/புராஜெக்ட் என்று காட்டியது, அதை எடுத்து \\?\ க்குப் பின்னால் போட்டு கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்தேன். இப்போது எம்எஸ்-டாஸ் எரர் வரவில்லை, பாதையே கிடைக்கவில்லை என்கிறது.


பழைய_டாஸ்

எரர் மாறிவிட்டது என்றால் நல்ல செய்திதான். கிட் பாஷ் காட்டுவது யூனிக்ஸ் பாணிப் பாதை, விண்டோஸுக்கு அது புரியாது. சாதாரணமாக முன் சாய்கோடு போட்டால்கூட விண்டோஸ் பல இடங்களில் பின் சாய்கோடாகத் திருத்திக்கொள்ளும், டைரக்டரிப் பெயருக்குப் பதில் இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். \\?\ போட்டுவிட்டால் இந்தத் திருத்தம் எதுவும் நடக்காது, நீங்கள்தான் எதையும் திருத்தாதே என்று சொல்லிவிட்டீர்களே. எல்லாமே பின் சாய்கோடாக, டி பக்கத்தில் முக்கால்புள்ளியோடு, முழுதாகக் கொடுங்கள்.


இரவுப்பறவை

தம்பி கிட் பாஷ் வைத்திருக்கிறார் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். ஃபைல் எப்படி வந்தது என்பதும் இப்போது புரிந்துவிட்டது. அழிப்பதற்கு முன்னால் கிட் பாஷைத் திறந்து, புராஜெக்ட் ஃபோல்டருக்குப் போய் கேட் நல் என்று கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். கேட் என்பது சி, ஏ, டி. அப்புறம் அங்கேயே ஆர்எம் நல் என்று கொடுத்தால் போய்விடும், எந்த முன்னொட்டும் வேண்டாம். கிட் பாஷ் உள்ளுக்குள் சிக்வின் வழி வந்தது, அதாவது யூனிக்ஸ் கமாண்டுகளை விண்டோஸில் ஓட வைக்கும் ஏற்பாடு, அது விண்டோஸின் பெயர்ச் சோதனையைத் தாண்டி நேராகக் கீழே பேசும். அதனால்தான் இந்தப் பெயரில் ஃபைலை உருவாக்கவும் அதனால் முடிகிறது, அழிக்கவும் முடிகிறது.


கடைசிபெஞ்ச்

போய்விட்டது! எக்ஸ்புளோரரில் எஃப்5 அடித்துப் பார்த்தேன், இல்லை. கிட் ஆட் கொடுத்தேன், எல்லாம் ஏறிவிட்டது.

உள்ளே ஒரே ஒரு வரிதான் இருந்தது. "இன்ஃபோ: குட் நாட் ஃபைண்ட் ஃபைல்ஸ் ஃபார் த கிவன் பேட்டர்ன்ஸ்" என்று. இது என்ன, யார் எழுதியது?


இரவுப்பறவை

நினைத்தபடிதான். அது விண்டோஸில் வேர் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, ஒரு புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடித் தருவது, தேடியது கிடைக்கவில்லை என்றால் அது சொல்லும் வசனம் இது. உங்கள் புராஜெக்டில் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் பைத்தானோ நோடோ இருக்கிறதா என்று பார்க்க வேர் கமாண்டைக் கூப்பிட்டு, எரர் வந்தால் திரையில் காட்டாதே என்பதற்காக பின்னால் 2>நல் என்று சேர்த்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் இது ஒழுங்காக வேலை செய்யும், எரர் காற்றோடு போய்விடும். அதே வரியை பாஷில் ஓட்டினால் பாஷுக்கு நல் என்று ஒரு டிவைஸ் இருப்பதே தெரியாது, சரி, நல் என்ற ஃபைலில் எழுதச் சொல்கிறார்கள் போல என்று ஒரு ஃபைலை உருவாக்கி அதில் அழகாக எழுதி வைத்துவிடும். பாஷில் குப்பைத்தொட்டியின் பெயர் /டெவ்/நல், அதுவும் இரண்டு எல் போட்ட நல்.

இப்போதெல்லாம் கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகளை விண்டோஸில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. விண்டோஸ் மெஷின் என்று பார்த்துவிட்டு 2>நல் என்று எழுதும், ஆனால் ஓட்டுவது கிட் பாஷில். டீமில் யாராவது அப்படி ஏதாவது பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள், நாங்கள் இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஸ்கிரிப்ட் ஃபைல்களில் >நல் என்று தேடி, பாஷில் ஓடுவதை எல்லாம் /டெவ்/நல் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.


கருப்பட்டிக்காபி

நல்ல நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. நான் நாகர்கோவில் பக்கம் ஆல்பம் டிசைன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், எனக்கு இரண்டு சந்தேகம்.

முதலாவது, வெளியில் எடிட்டிங் கொடுத்து வாங்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர், பெயர் ரிசப்ஷன். எக்ஸ்புளோரரில் கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே போனால் காலியாகக் காட்டுகிறது, டெலிட் கொடுத்தால் இந்த ஐட்டத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? எடிட் பண்ணுகிறவர் மேக் வைத்திருக்கிறார், அவரிடம் போட்டால் எல்லாப் போட்டோவும் திறக்கிறது என்கிறார்.

இரண்டாவது, கடையில் ஒரு பழைய பென் டிரைவ் கிடக்கிறது, அதில் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஃபைல் இல்லை, ஃபோல்டர். பல வருஷமாக அழிக்கப் பார்க்கிறேன், போகவில்லை. வைரஸா?


பழைய_டாஸ்

முதல் ஃபோல்டரை டெலிட் பண்ணிவிடாதீர்கள், உள்ளே கல்யாண வீட்டுப் போட்டோ இருக்கிறது! அந்தப் பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேக்கில் பெயர் தட்டும்போது கடைசியில் ஸ்பேஸ் விழுந்தால் அது அப்படியே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் பெயரின் கடைசியில் இருக்கும் ஸ்பேஸையும் புள்ளியையும் வெட்டிவிட்டுத்தான் தேடும், அப்படித் தேடினால் ஸ்பேஸ் இல்லாத ரிசப்ஷன் என்று ஒன்று டிஸ்க்கில் இல்லையே, அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. இதற்கும் அதே நான்கு குறிதான் மருந்து, ஆனால் டெல்லுக்குப் பதில் ரென் போட்டுப் பெயரை மாற்றுங்கள்:

ரென் "\\?\ஈ:\ரிசப்ஷன் " "ரிசப்ஷன்"

முதல் மேற்கோளை மூடுவதற்கு முன்னால் அந்த ஸ்பேஸ் இருக்க வேண்டும், கவனம். ஈ என்ற இடத்தில் உங்கள் டிரைவ் எழுத்து. எடிட்டரிடம் சொன்னால் அவரே மேக்கில் அந்த ஸ்பேஸை எடுத்துவிட்டும் தருவார், அதுதான் இன்னும் பத்திரம்.

பென் டிரைவில் இருப்பது வைரஸ் இல்லை, வைரஸுக்கு எதிராக யாரோ போட்ட பூட்டு. பிரவுசிங் சென்டர் காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற ஃபைல் வழியாக வைரஸ் தொற்றிக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு தந்திரம் செய்தார்கள், அதே பெயரில் ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிட்டால் வைரஸால் அந்தப் பெயரில் ஃபைல் எழுத முடியாது. வைரஸ் எழுதுகிறவனும் சும்மாவா இருப்பான், ஃபோல்டரை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தான். அதற்கு இவர்கள் அந்த ஃபோல்டருக்குள் கான், எல்பிடி3 என்று டிவைஸ் பெயரில் இன்னொரு ஃபோல்டரைப் போட்டு அழிக்கவே முடியாதபடி வைத்தார்கள். சில இலவசக் கருவிகள் இதைத் தானாகவே செய்துவிடும். இன்றைக்கு அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை, விண்டோஸ் 7 முதல் பென் டிரைவில் ஆட்டோரன் ஓடுவதில்லை, எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக நிறுத்திவிட்டார்கள்.

எடுக்க வேண்டும் என்றால்:

ஆர்டி /எஸ் "\\?\எஃப்:\ஆட்டோரன்.ஐஎன்எஃப்"

ஆர்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதில் அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. இன்னொன்று, ஆர்டிக்கு ஒரே வரியில் பல ஃபோல்டர் பெயர் கொடுக்கலாம். அதனால் பெயருக்கு நடுவில் ஸ்பேஸ் இருக்கும்போது மேற்கோள் குறியை விட்டுவிட்டால், கல்யாணம் பழசு என்ற ஃபோல்டரை அழிக்கப்போய் கல்யாணம் என்ற ஃபோல்டரையே முழுதாக அழித்துவிடும். கூடவே /க்யூ சேர்த்தால் நிச்சயமா என்றுகூடக் கேட்காது. நெட்டில் எல்லோரும் /எஸ் /க்யூ என்று சேர்த்தேதான் எழுதுகிறார்கள், கடையில் வாடிக்கையாளர் டேட்டா வைத்திருப்பவர் நீங்கள், க்யூவைச் சேர்க்காதீர்கள்.


வடமராட்சி

வணக்கம். நான் உபுண்டு லினக்ஸ் பாவிப்பவன், எங்களுக்கு இந்தக் கான், நல் தொல்லை இல்லை, திறந்திருக்கிற கோப்பைக்கூட அழிக்கலாம், பெயர் உடனே போய்விடும், பிடித்திருக்கிற புரோகிராம் மூடிய பிறகு இடம் விடுபடும். ஆனால் எனக்கு வேறு விதமான பிடிவாதம் ஒன்று வந்திருக்கிறது. பழைய கணினியிலிருந்து எடுத்த ஆவணங்களில் கொடுப்பனவு என்று தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்று. டெர்மினலில் ஆர்எம் கொடுத்து அந்தப் பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. எல்எஸ் போட்டால் அதே பெயர் கண்முன்னே நிற்கிறது. கடைசியில் ஸ்பேஸ் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. அனுமதிப் பிரச்சினையும் இல்லை.


இரவுப்பறவை

இது நம் மொழிக்கே உரிய சிக்கல், ஆங்கிலக் கையேட்டில் தேடினால் கிடைக்காது. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். க வுக்குப் பிறகு ொ என்ற ஒரே குறியீடு ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். கோ, கௌ வரிசைக்கும் இதே கதைதான். உங்கள் கீபோர்ட் முதல் விதத்தில் தட்டுகிறது, கோப்பின் பெயர் இரண்டாவது விதத்தில் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் இப்படித் தனித்தனியாக விட்டுவிடும். லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடும், எழுத்தை இல்லை.

பெயரைத் தட்டாமல் அழிப்பதுதான் வழி. முதல் எழுத்து க வரை மட்டும் தட்டி டேப் அழுத்துங்கள், டெர்மினலே சரியான பைட்டுகளை நிரப்பிக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் க வில் தொடங்கும் கோப்புகள் நிறைய இருந்து குழப்பினால் எல்எஸ் -ஐ போட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் சிஸ்டம் கொடுத்திருக்கும் ஐநோட் எண்ணைப் பாருங்கள், அப்புறம்

ஃபைண்ட் . -ஐநம் அந்த எண் -டெலிட்

டெலிட் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை அது இல்லாமல் ஓட்டி, வருவது அந்தக் கோப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று, லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆக 85 குறியீடுதான், அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. அரசாங்கச் சுற்றறிக்கைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் காப்பி பண்ணும்போது பாதியில் நிற்கும்.


வடமராட்சி

டேப் அழுத்தியதும் வந்தது, அழித்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருப்பதாக இன்னொரு ஃபோல்டரிலும் பார்த்துக் குழம்பியிருக்கிறேன், அதுவும் இதுதான் போல. நன்றி.


கருப்பட்டிக்காபி

ரென் வேலை செய்தது, போட்டோ முழுவதும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு நாளாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள், இனிமேல் எடுக்கலாம். பென் டிரைவ் வெறும் 2 ஜிபிதான், நான் ஆர்டி வம்புக்கே போகவில்லை, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு ஃபார்மட் போட்டுவிட்டேன்.


ஊர்க்குருவி

ஆக ஒரு இடத்தில் என் ஃபார்மட் யோசனை ஜெயித்துவிட்டது, பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்.


கடைசிபெஞ்ச்

அண்ணாக்களே, ஒரே ஒரு சந்தேகம். கிட்டில் எல்லாம் ஏறிவிட்டதால் புதிதாக ஒரு குளோன் எடுத்துக்கொண்டு பழைய ஃபோல்டரை மொத்தமாக அழிக்கலாம் என்று பார்த்தேன். முதலில் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பாதை ரொம்ப நீளம் என்று வந்தது. அது சரியானதும் இப்போது காலி ஃபோல்டர் மட்டும் நிற்கிறது, இன்னொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்கிறது. உள்ளேதான் ஒன்றுமே இல்லையே?


பழைய_டாஸ்

பாதை நீளம் என்பது விண்டோஸின் 260 எழுத்து வரம்பு. என்டிஎஃப்எஸ்ஸால் ஏறக்குறைய 32,000 எழுத்து வரை தாங்க முடியும், எக்ஸ்புளோரர்தான் இன்னும் பழைய கணக்கில் நிற்கிறது. நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்களோ தெரியவில்லை, அடுத்த முறை வந்தால் \\?\ போட்டு ஆர்டி கொடுத்தாலே போய்விடும். இல்லாவிட்டால் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, விண்டோஸின் ரோபோகாப்பி கமாண்டில் /எம்ஐஆர் போட்டு அதை நோட் மாட்யூல்ஸ் மேல் பிரதி எடுக்கச் சொல்லுங்கள், காலியைப் போலவே இதையும் காலியாக்கிவிடும். எது முதலில், எது இரண்டாவது என்று பெயர் வரிசையை நன்றாகப் பார்த்துக்கொண்டு என்டர் தட்டுங்கள், மாறினால் நிலைமை தலைகீழ்.


ஊர்க்குருவி

காலி ஃபோல்டர் போகாததற்கு நான் சொல்கிறேன். ஏதாவது டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிற்கிறதா பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட், கிட் பாஷ், விஎஸ் கோடின் கீழே இருக்கும் டெர்மினல் எல்லாவற்றையும் பாருங்கள். உள்ளே ஃபைல் இல்லாவிட்டாலும் டெர்மினல் நிற்கிற ஃபோல்டரை விண்டோஸ் அழிக்க விடாது. சிடி போட்டு இரண்டு புள்ளி வைத்து வெளியே வாருங்கள், இல்லை மூடிவிடுங்கள்.


கடைசிபெஞ்ச்

விஎஸ் கோட் டெர்மினல்தான். மூடினேன், ஃபோல்டர் போய்விட்டது.